ஆமணக்கே சரி

ஜெயசீலன் யோனாவின் நாலாம் அதிகாரத்தைப் புரட்டத் தொடங்கியதும், தேநீர்த் தட்டோடு நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் டாலிகஞ்ச் வீட்டில் நடக்கும் வேதபாடம். ஏழெட்டுப் பேர் வருவார்கள். அன்றைக்கு வாக்குவாதம் ஒரு செடியைப் பற்றி.

வெயிலில் உட்கார்ந்திருந்த யோனாவுக்கு நிழல் தர ஆண்டவர் முளைக்கச் செய்த செடி. தமிழில் அது ஆமணக்கு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் சுரைக்கொடி.

சாந்த்ராகாச்சியில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்ற இராஜமாணிக்கம் அண்ணன் கிரேக்கத்தின் பக்கம். கிறிஸ்து பிறக்கும் முன்பே செய்தது, அப்போஸ்தலர்களே அதிலிருந்துதான் எடுத்துச் சொன்னார்கள், அதை நம்பாமல் வேறு எதை நம்புவது என்றார்.

வங்கியில் வேலை பார்க்கும் பிரிட்டோ விடவில்லை. எவ்வளவு பழையதானாலும் மொழிபெயர்ப்பு மொழிபெயர்ப்புதான், மூலம் எபிரேயம் என்றான். ஒரு செடியில் தவறியவர்கள் மற்றதில் தவறியிருக்க மாட்டார்களா என்றும் கேட்டான்.



"ரூபி சுரைன்னுதான் எழுதி வச்சிருக்கா. எடுத்து வாசியும் ஜெயசீலன். அப்புறம் என்ன பேச்சு?" என்றார் அண்ணன்.

ரூபி என் கணவர் ஜெயசீலனின் முதல் மனைவி. செராம்பூரில் இறையியல் படித்தவள். இந்த வேதபாடத்தைத் தொடங்கியதே அவள்தான். அவள் இறந்து நான்கு வருடம். நான் வந்து இரண்டு வருடம்.

அவளுடைய புடவைகளை, படங்களை எல்லாம் நான் கேட்காமலே ஜெயசீலன் எடுத்து வைத்துவிட்டார். வேதாகமம் மட்டும் மேசையில் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சில் குறிப்புகள். கிரேக்கத்தில் இப்படி, லத்தீனில் இப்படி என்று.

வாரம் தவறாமல் யாராவது ஒருவர் ரூபி என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்பார்கள். ஜெயசீலன் எடுத்து வாசிப்பார். வாசிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

என்னிடம் பேசும்போது அது அப்படி இறங்கியதில்லை.

அவள் எழுதியதில் ஒரு தவறு கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒன்றே ஒன்று போதும்.

அலுவலகம் போகும் மெட்ரோவில் நின்றுகொண்டே ஆறு மாதம் போனில் எபிரேயம் படித்தேன். ஏதோ பதவி உயர்வுப் பரீட்சை என்று உடன் வருகிற, நான் பௌதி என்று கூப்பிடும் வங்காளி அண்ணி நினைத்துக்கொண்டு, எனக்காகக் காளிகாட்டில் வேண்டிக்கொண்டாள்.

கடைசியில் யோனாவில் அகப்பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் ரப்பரை எடுத்தேன். 'இங்கே கிரேக்கமே சரி. சுரைக்கொடி' என்று எழுதியிருந்தாள். மெல்லிய தாள். கிழியாமல் அழிக்க வெகுநேரம் ஆயிற்று.

அதே பக்கத்தில்தான் ஆண்டவர் யோனாவைப் பார்த்து, உனக்கு எரிச்சல் வருவது நியாயமா என்று கேட்கிறார். அந்த இடத்தை இடது கையால் மூடிக்கொண்டேன்.

அழித்த இடத்தில் நான் எழுதினேன்: 'எபிரேயத்தில் கிக்காயோன். எகிப்தியர் ஆமணக்கெண்ணெயைக் கிக்கி என்றார்கள். ஆமணக்கே சரி.'

ஜெயசீலன் பக்கத்தைக் கண்டுபிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

என் கையெழுத்து அவருக்குத் தெரியும். மளிகைச் சீட்டில் வாராவாரம் பார்க்கிறார்.

நிமிர்ந்து என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். கோபமாகவாவது.

பார்க்கவில்லை. எழுதியிருந்ததை நிதானமாக வாசித்தார். குரல் இறங்கியது.

"அப்போ ரூபி மாத்திட்டாளா?" என்றார் இராஜமாணிக்கம் அண்ணன்.

"ஆமா. மாத்திட்டா."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். பிரிட்டோ சிரித்தபடி எழுந்து வந்து என் தட்டிலிருந்து ஒரு தேநீர் எடுத்துக்கொண்டான். ஆறிப்போயிருந்தது.

எல்லோரும் கிளம்பிப் போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு சமையலறையில் அவர் முன்னால் போய் நின்றேன்.

"அது நான் எழுதினது. எதுக்கு அவ பேரைச் சொன்னீங்க?"

அவர் கையில் இரண்டு கப்புகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில கடைசி வாரம் சொன்னா. யோனாவுல நான் எழுதினது தப்பு, அது ஆமணக்குதான், அழிச்சுட்டு மாத்தி எழுதிருங்க, நான் எழுதினதாச்சேன்னு ஜனங்க தப்பையே நம்பிருவாங்கன்னு. நாலு வருஷமா ரப்பரை எடுத்து எடுத்து வச்சேன் ஹெப்சி. அவ எழுத்து மேல வைக்கக் கை வரல."

குழாயைத் திறந்து கப்புகளைக் கழுவத் தொடங்கினார்.

"நீ செஞ்சது நல்லதாப் போச்சு," என்றார்.

அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அவளிடம் நான் கண்டுபிடித்த ஒரே தவறு அது. இப்போது அந்தப் புத்தகத்தில் அதுவும் இல்லை.