அம்மை குத்த வந்தவர்

"அம்மை ஆத்தா கோபமில்லை, கிருமி!" சுகாதார இன்ஸ்பெக்டர் சதாசிவம் தொண்டை கிழியக் கத்தினார்.

அனுமந்தன்பட்டிக்குப் பக்கத்துச் சேரி அது. ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகள் அம்மையில் செத்திருந்தன.

கையிலிருந்த கிருமிப் படத்தை அவர் உயர்த்திக் காட்டினார்.

"ஒண்ணும் தெரியலையே, சாமி," என்றாள் ராக்கம்மாள். செத்த மூன்றில் ஒன்று அவளுடைய மூத்த பிள்ளை. இளையவன் இடுப்பில் இருந்தான்.

"தெரிஞ்சா மட்டும் விளங்கிடுமா? எல்லாம் மூடநம்பிக்கை! கிருமிக்குச் சாதி கிடையாது, ஏழை பணக்காரன் கிடையாது. அம்மை குத்திக்கிட்டாத்தான் பிழைப்பீங்க!"

"அப்பக் குத்துங்க, சாமி."

அவள் இளையவனின் கையைப் பிடித்து நீட்டினாள். பின்னால் நின்ற பெண்களும் பிள்ளைகளின் கைகளை நீட்டினார்கள்.

"போன மாசமும் இப்படித்தான் நீட்டிக்கிட்டு நின்னோம்," என்றாள் அவர்களில் ஒருத்தி.

இன்ஸ்பெக்டர் அசையவில்லை. நோட்டைத் திறந்து, 'அறியாமையால் அம்மை குத்திக்கொள்ள மறுத்துவிட்டார்கள்' என்று எழுதினார்.

ராக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க சொன்னது எல்லாம் வெளங்குது, சாமி. கிருமிக்குச் சாதி இல்லதான். அது எங்க குடிசைக்குள்ள வந்து எம்புள்ளையத் தொட்டுச்சு. தொட மாட்டேன்னு, சேரிக்கு அம்பதடி தள்ளி வண்டியில உக்காந்துக்கிட்டுக் கத்துறது நீங்கதான்!"