மேக் பதிப்பு மட்டும் பாக்கி

"இன்னும் ஓடலையாக்கா?" என்று தங்கை சமையலறையிலிருந்து கேட்டாள்.

"இல்ல," என்றேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. ஐந்தாவது நாளாக அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவளுடைய கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நான் எழுதியது ஒரு சின்ன மென்பொருள். தரவுத்தளத்தைத் திறந்து, உள்ளே இருக்கும் அட்டவணைகளைப் பார்க்கலாம், தேடலாம், திருத்தலாம். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. இந்த வேலைக்கென்று இருக்கும் மற்ற மென்பொருள்களில் எங்கே பார்த்தாலும் பொத்தான். என்னுடையதில் ஆறுதான்.

போன மாதம் இணையத்தில் வெளியிட்டேன். விண்டோஸில் ஓடியது. லினக்ஸில் ஓடியது. "மேக்குக்கு எப்போது?" என்று பதினோரு பேர் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் தினமும் எழுதினார், காலை வணக்கம் சொல்வதுபோல.

பதிப்பு தயார்தான். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் வெளியிட எனக்கு மனசு வராது. ஓட்டிப் பார்க்க ஆப்பிளின் மேக் கணினி ஒன்று வேண்டும். எனக்குத் தெரிந்து அது வைத்திருந்தது ஒரே ஆள்.

அந்த ஆளோடு நான் பேசி மூன்று வருடம்.

சண்டைக்குக் காரணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. என் தங்கை புகைப்படக்காரி. அதுதான் அவள் தொழில். எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து எடுத்த படம் ஒன்றை வாட்ஸப்பில் குடும்பக் குழுவில் போட்டாள். "எல்லாரும் அழகா இருக்காங்க, எடுத்தவ கைதான் கொஞ்சம் ஆடிடுச்சு" என்று நான் எழுதினேன். "கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவங்களுக்குப் படத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று அவள் எழுதினாள்.

அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு வரி.

நான் ரிப்பேர் செய்பவள் அல்ல. அதை விளக்கச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை வெட்கத்தைவிட்டு அவள் வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்தவர் அவள் கணவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய்ச் சொன்னார்.

"வந்து பாத்துக்கச் சொல்லுங்க. என் படத்துல மட்டும் கை வைக்க வேணாம்னு சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் திரும்பி வந்து, அதையே ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். பாவம், யாரையும் விட்டுக்கொடுக்க முடியாத மனிதர்.

அன்று மென்பொருள் திறக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை திறந்தது; எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. "காபி வேணுமான்னு கேளுங்க", "வேணாம்னு சொல்லுங்க" என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தே அந்த மனிதர் இளைத்துப்போனார்.

புதன்கிழமை அவர் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒரு மணி நேரம் தூது போக ஆளில்லை. பிறகு அவள் தரை துடைக்கும் மாப்போடு வந்து மேசையருகில் நின்றாள்.

"கால தூக்கு."

மூன்று வருடத்துக்குப் பிறகு என் தங்கை நேராக என்னிடம் பேசிய முதல் பேச்சு. பின்னால் 'அக்கா' இல்லை. இருந்தாலும் தூக்கினேன்.

துடைத்து முடித்தவள் போகவில்லை. திரையை எட்டிப் பார்த்தாள். "என்ன, ஆறே பட்டன்தான் இருக்கு?" என்றாள். "அது போதும்," என்றேன். "போதும்தான்," என்றாள்.

வியாழக்கிழமை 'அக்கா' வந்துவிட்டது. தான் படம் எடுக்கப்போன கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை தும்மிக்கொண்டே இருந்த கதையைச் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் காபி மேசையில் கொட்டியது. கீபோர்டில் படாமல் இருவருமாகப் பாய்ந்து துடைத்தோம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மென்பொருள் புதன்கிழமை நான்கு மணிக்கே ஓடிவிட்டது. எழுத்து, அட்டவணை, தேடல், எல்லாம் சரி. அன்று மாலையே வீட்டுக்குப் போய் மேக் பதிப்பை வெளியிட்டுவிட்டேன். தினமும் எழுதுகிறவர் பூங்கொத்துப் படம் அனுப்பினார்.

தங்கையிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் எதைச் சாக்காக வைத்து வருவது?

இப்போது வெள்ளிக்கிழமை. சும்மா உட்கார்ந்திருப்பது தெரியக் கூடாதே என்று, செயலிகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன்.

வரிசையில் என் மென்பொருள் இருந்தது.

நான் கொண்டுவரும் சோதனைப் பிரதிகளைத் தினமும் கிளம்பும்போது அழித்துவிடுவேன். இது சோதனைப் பிரதி இல்லை. வெளியீட்டு எண் போட்டது, என் இணையப் பக்கத்திலிருந்து இறக்கியது. இறக்கிய நேரமும் இருந்தது: புதன், மாலை ஆறு ஐம்பது. நான் வெளியிட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

எனக்குக் காது சுட்டது.

நேற்று முழுக்க நான் நெற்றியைச் சுருக்கினேன், உதட்டைப் பிதுக்கினேன், 'ச்சே' என்று மேசையைத் தட்டினேன். எல்லாவற்றையும் அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம்க்கா நீ" என்றுகூடச் சொன்னாள்.

தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பக்கத்தை மூட நேரமில்லை. இருவரும் திரையையே பார்த்தோம்.

"பெரிய கோளாறா?" என்றாள்.

"கொஞ்சம் பெரிசுதான்."

"சனி, ஞாயிறுன்னு லீவு விட்டுடாதக்கா," என்றாள். "அப்புறம் இன்னும் மோசமாயிடும்."