ஆறாம் படிச் சேறு

"இன்சூரன்ஸ் கம்பெனி ஆளு கார விட்டு இறங்கவே இல்லியா, மேடம்?" என்று கேட்கிறான் டுவைட்.

"கண்ணாடிய இறக்குனான், ஒரு போட்டோ எடுத்தான், போயிட்டான்," என்கிறாள் வெர்னா. புளோரிடாக் கரையில் புயல் அவள் கூரையைப் பிய்த்து இரண்டு மாதம். காற்றுச் சேதத்துக்குத்தான் காப்பீடு, இதுவோ வெள்ளத்தின் வேலை என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. கம்பெனியோடு மல்லுக்கட்ட அவளே அமர்த்திய சேத மதிப்பீட்டாளன் டுவைட், தூண்கள் மேல் நிற்கும் வீட்டின் படிகளில் நாடா பிடித்து அளக்கிறான். வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு ஆறாம் படியோடு நிற்கிறது. மேலே இன்னும் ஒன்பது படிகள். அதற்கும் மேலே, நீலத் தார்ப்பாயின் கிழிசல் வழியே வெயில் அவள் படுக்கையில் விழுகிறது. "இங்க நின்ன தண்ணி கூரைக்குத் தாவுச்சாமா? தவளையா அது?" டுவைட் சிரிக்காமல் அளவை அறிக்கையில் எழுதுகிறான். தார்ப்பாய் படபடக்கிறது. "அடுத்த புயலுக்குள்ள கூரை வந்துரும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுது, தம்பி."