வேர் இருக்கிற பக்கம்

எஃபத் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிளை அறுக்கிற கைவாளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

மணி மூன்றாகிவிட்டது. இன்று இரவு மைனஸ் பதினைந்து என்று வானொலி சொல்லியிருந்தது. ஈரானின் மலாயர் ஊரில் வீட்டுக்கு வீடு திராட்சைக் கொடியைப் பந்தலிலிருந்து இறக்கி, குழியில் படுக்க வைத்து, சருகும் சாக்கும் போட்டு மண்ணால் மூடியாகிவிட்டது. அவள் வீட்டுக் குழி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

குழியில் பாதிக் கொடிதான் படுத்திருந்தது. மீதிப் பாதி சுவரைத் தாண்டி, தம்பி யதுல்லாவின் பந்தலில்.

அப்பா நட்ட கொடி. அப்பா போன பிறகு, சட்டப்படி தனக்கு வர வேண்டிய பங்கை எஃபத் கேட்டாள். அக்கா எப்படியும் விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று இருந்த தம்பிக்கு அது சுருக்கென்று தைத்தது. முற்றத்தின் நடுவே சுவர் எழும்பியது. வேர் அவள் பக்கம் விழுந்தது, பந்தலில் பெரும்பாகம் அவன் பக்கம்.

பதினோரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

ஆனால் கொடிக்கு ரோஷமா, மானமா? குளிர் வந்தால் அது வேர் இருக்கிற பக்கம் வந்து படுத்தாக வேண்டும்.

அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். வருஷா வருஷம் உறைபனி விழப் போகும் நாளில், தீனி போடுகிற சாக்கில் சுவரோரம் போய் நின்று கோழியைத் திட்டுவாள்.

"திங்கத் தெரியுது, குளிர் வருதுன்னு தெரியல. எல்லாத்தையும் ஒருத்தி தொண்டை கிழியச் சொல்லணும்!"

அரை மணி நேரத்தில், கட்டவிழ்த்த கொடிகள் ஒவ்வொன்றாகச் சுவருக்கு மேலே தலையை நீட்டும். அவள் இழுத்துக்கொள்வாள். அவ்வளவுதான். அடுத்த வருஷம் வரை இரண்டு வீடும் ஊமை.

இந்த வருஷம் அவள் கோழியிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் யதுல்லாவின் மகனுக்குக் கல்யாணம். அந்தத் தெருவில் அழைப்பு போகாத வீடு அவள் வீடு ஒன்றுதான். மேளச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. ஒரு தட்டு சோறு வரவில்லை. மாப்பிள்ளைக்குச் சொந்த அத்தை அவள், அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள்.

கொடி தானாக வந்தால் வரட்டும். வராவிட்டால் சுவரை ஒட்டி அறுத்துவிடுவது. பாதிக் கொடி போனால் போகட்டும். அக்கா தம்பி என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்ததும் அதோடு தீர்ந்தது.

காலையில் பூஷெஹரிலிருந்து மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். கடலோர ஊர், அங்கே குளிர்காலம்தான் தோட்டத்துக்கு நல்ல காலம்.

"அம்மா, இங்க இப்பத்தான் வெந்தயக்கீரை விதைச்சிருக்கோம். நீ என்னடான்னா குழியை வெட்டி வெச்சுக்கிட்டு சுவரையே பாத்துக்கிட்டு நிக்கிற. மாமாவை ஒரு குரல் கூப்பிட்டாத்தான் என்ன, வாய் முத்து உதிர்ந்துடுமா?"

"உதிரும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மத்தியானத் தொழுகை வரை பார்த்தாள். அதன் பிறகும் பார்த்தாள். சுவர் மேல் கொடி அசையவில்லை. மூன்று மணிக்கு வெயில் முற்றத்தை விட்டுப் போனது.

ஏணியில் ஏறினாள். முழங்கால் வலி உயிரை எடுத்தது. சுவர் எழும்பிய நாளிலிருந்து அந்தப் பக்கம் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்று சபதம். அறுக்க வேண்டுமென்றால் பார்த்துத்தானே ஆக வேண்டும்.

எட்டிப் பார்த்தாள்.

சுவருக்கு நேர் கீழே, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் யதுல்லா உட்கார்ந்திருந்தான். கம்பளித் தொப்பி, கோட்டு. அவளுடைய கொடிகள் அத்தனையும் கட்டவிழ்ந்து, கவாத்து முடிந்து, அவன் மடியில் கிடந்தன. மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. குந்தியிருந்த விதத்தைப் பார்த்தால் இப்போதுதான் வந்து உட்கார்ந்தவன் மாதிரி இல்லை.

அண்ணாந்து அவளைப் பார்த்தான். கையிலிருந்த வாளையும் பார்த்தான்.

"காலையிலேர்ந்து காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்," என்றான். "இன்னிக்கு ஒண்ணுமே திட்டலையே?"

கல்யாணத்தைச் சொல்லி நாலு வார்த்தை கேட்கத்தான் அவள் வாயெடுத்தாள். அதற்குள் கண் அவனைத் தாண்டிப் போய்விட்டது.

அங்கேயும் ஒரு குழி. அதில் ஒரு திராட்சைக் கொடி படுத்திருந்தது, பாதி மண் மூடி, மீதி மூடாமல். மணிக்கட்டுப் பருமனில் அடித்தண்டு. அவன் மண்ணில், தன் சொந்த வேரில் நின்ற கொடி.

அதே ஜாதிதான். அவள் கொடியின் ஒரு கிளையை வளைத்து மண்ணில் பதியம் போட்டு, வேர் பிடித்ததும் வெட்டித் தனியாக்கியது. மலாயரில் பிறந்தவளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் பந்தல் முழுக்கப் பச்சையாக இருந்தபோது எது யாருடையது என்று யார் கண்டார்கள்? அந்தப் பருமனுக்கு அதுவே அவன் பந்தலை மூடிவிடும். பழமும் வீடு கொள்ளாமல் வரும்.

அவனுக்கு அவள் கொடி வேண்டியதே இல்லை. என்றோ அறுத்துப் போட்டிருக்கலாம்.

"பதியம் போட்டு எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டாள்.

"ஒன்பது வருஷமாச்சுக்கா."

எஃபத் ஏணியில் இன்னும் ஒரு படி ஏறினாள். பிறகு கைவாளைத் தன் பக்கத்து மண்ணில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் கீழே நீட்டினாள்.

"தூக்கிக் குடுடா தடிப்பயலே, இருட்டப் போகுது. கல்யாணத்துக்குக் கூப்பிடாததுக்கு அப்புறம் வெச்சுக்கறேன்."