ஐந்து யூனிட்

"பூட்டிக் கெடக்க வீட்டுல மீட்டர் எப்பிடி மக்களே ஓடும்?"

ரீடிங் எடுக்க வந்தவர் என்னிடம்தான் கேட்டார். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் டெல்சி மாமியின் வீடு.

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

மாமி குவைத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. சாவி எங்கள் அம்மாவிடம். அம்மா போய்ப் பெருக்கிவிட்டு வருவாள். இதுவரை எல்லா ரீடிங்கிலும் அந்த வீட்டுக்குப் பூஜ்யம்தான்.

இந்த முறை ஐந்து யூனிட்.

"எலி கேறி ஃபேன் போட்டிருக்கும்," என்று சிரித்துவிட்டு அவர் எங்கள் மீட்டருக்கு வந்தார்.

எங்களுக்குத் தொண்ணூற்றெட்டு.

இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரை பில் கிடையாது. நூற்றொன்று ஆகிவிடக் கூடாது என்று அம்மா நாள் முழுக்க சுவிட்சுகளோடு சண்டை பிடிப்பாள். நாம் உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போதே லைட் அணையும். காலை பதினொரு மணிக்கு ஃப்ரிட்ஜும் அணைந்துவிடும். அதற்குச் சாயங்காலம்தான் மறுபடி உயிர் வரும்.

அதனால் மதியம் இரண்டு மணிக்குப் பாலை இன்னொரு தடவை காய்ச்சியாக வேண்டும். அதையும் அம்மாதான் செய்வாள். கேஸ் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று அடுப்பை வேறு யாரும் தொடக் கூடாது. லைட்டரை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

அப்பாவும் இரண்டு அண்ணன்களும் கடலிலிருந்து வந்து சாப்பிட்டு, வீட்டிலிருக்கும் ஒரே ஃபேனுக்குக் கீழே வரிசையாகப் படுப்பார்கள். அந்தக் காற்று அடுக்களை வரை வராது. நாலு மணிக்கு எழுந்து சாயா கேட்பார்கள்.

கொஞ்ச நாளாக, நாலு மணிக்குப் பால் திரிந்துவிடுகிறது.

"இன்னைக்கும் பாலில்லாத கட்டன்சாயாதானா? ஒங்கம்மைக்க வாயிக்குப் பயந்தே பால் திரிஞ்சு போவுது," என்பார் அப்பா. அண்ணன்கள் சிரிப்பார்கள்.

அம்மா பால்காரரைத் திட்டுவாள். வெயிலைத் திட்டுவாள். பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று என்னைத் திட்டுவாள்.

ரீடிங் எடுத்த அன்று சாயங்காலமே டெல்சி மாமியின் போன் வந்தது. யூனிட் எவ்வளவு என்று மாமியின் நம்பருக்கு மெசேஜ் போயிருக்கிறது. சின்ன அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"செசிலி மைனி, எனக்க வீட்டுக்குள்ள ஆரு கேறுனது? அஞ்சு யூனிட்டு எனக்குப் பெருசில்ல. ஆருன்னு தெரியணும். இல்லன்னா சாவிய எனக்க நாத்தனாருட்ட குடுத்துருங்க."

அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். கையில் திரிந்த பால் பாத்திரம். ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிறவள் அன்று கரண்டியால் பாலையே கிளறிக்கொண்டிருந்தாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நாந்தான் மாமி," என்றேன். "ஃபேன் போட்டுப் படுத்தேன்."

பத்தாம் வகுப்போடு நின்ற பிறகு வெளியாட்களிடம் நான் வாய் திறந்ததே இல்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஏட்டி, பூட்டுன வீட்டுல ஒத்தையில ஒனக்கு என்ன சோலி?"

அண்ணன்களின் சிரிப்பு நின்றது. பெரிய அண்ணன் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தான். இனிமேல் மதிலைத் தாண்டினால் காலை ஒடிப்பேன் என்றார் அப்பா.

மாமி கடைசியில் இறங்கி வந்தாள். "மைனி, நீங்க கூட்டப் போவும்போ ஒரு ஃபேனப் போட்டா ஆரு வேண்டாம்ன்னா? பிள்ள கண்ணுல மட்டும் சாவியக் காட்டாதீங்க. ஒங்க இடுப்புலேயே கெடக்கட்டு."

அம்மா தலையை ஆட்டினாள். தலையாட்டுவது போனில் கேட்காது என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த வீட்டுக்குள் நான் ஒருநாளும் போனதில்லை.

ஜன்னல் வரை போயிருக்கிறேன், ஒரே ஒரு தடவை. மணி இரண்டரை ஆகியும் பால் காய்ச்ச அம்மாவைக் காணவில்லை என்று தேடிப் போனேன்.

பெருக்கக் கொண்டுபோன வாரியலைச் சுவரில் சாத்திவிட்டு, வெறும் தரையில் மல்லாந்து கிடந்தாள். கைகள் இரண்டும் இரண்டு பக்கமும் விரிந்திருந்தன. மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. அவள் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வந்து விழுந்த முடியை ஒதுக்கக்கூட இல்லை.

கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடாமல் திரும்பி வந்தேன்.

அன்றும் பால் திரிந்தது.

எங்கள் மீட்டரை நாளுக்கு நாலு தடவை எட்டிப் பார்க்கிறவளுக்கு, அந்த வீட்டு மீட்டரும் எண்ணிக்கொண்டிருக்கும் என்பது மறந்துபோயிருக்கிறது.

மறுநாள் அம்மா சோறு வடித்தாள். மீன் கழுவினாள். பதினொரு மணிக்கு ஃப்ரிட்ஜை அணைத்தாள். காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, எதற்கும் திட்டவுமில்லை. ஆண்கள் மூவரும் ஃபேனுக்குக் கீழே படுத்தார்கள்.

இரண்டு மணிக்கு அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு லைட்டரை எடுத்தாள். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

பிறகு வாரியலை எடுத்துக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போனாள்.