யாருடைய பத்து நிமிடம்

"பத்து நிமிஷம்னு நானா சொன்னேன்?"

டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். எதிரே ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தவன் தலையாட்டினான்.

டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்து உள்ளே வந்தவன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வந்ததுமே சொல்லிவிட்டான். தண்ணீர் கேன் போடும் வேன் ஓட்டுகிறவன். சட்டையில் கேன் சுமக்கும் தோள் மட்டும் தேய்ந்து வெளிறியிருந்தது.

போன வருஷம் அவன் மாமனாரை நெஞ்சுவலி என்று அதே வேனில் போட்டுக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓடினான். அன்று அவசரப் பிரிவில் இருந்தவர் இந்த டாக்டர்தான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, முகக்கவசத்தை இறக்கி, ஒரே வரியில் சொன்னார்: பத்து நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

கொஞ்சம் முன்னாடி என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டு அத்தோடு விட்டிருப்பார்கள். பத்து என்றதும் வீடே அந்தப் பத்தைத் தேடக் கிளம்பிவிட்டது.

ரொம்பத் தேடவும் வேண்டியிருக்கவில்லை. தகவல் வந்தபோது டீ குடித்துக்கொண்டிருந்தேன், குடித்து முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன் என்று அவனே சொல்லியிருந்தான்.

மச்சான் செய்தித்தாளின் ஓரத்தில் வழியை வரைந்து, சிக்னலுக்கு சிக்னல் நிமிடம் போட்டுக் கூட்டிப் பார்த்தான். அச்சு அசலாகப் பத்து வந்தது.

அன்றைக்கு ஊரிலேயே இல்லாத சித்தப்பாதான் எல்லோரையும்விட அடித்துச் சொன்னார். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தால் மனுஷன் இன்றைக்கு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பாராம்.

மனைவி ஒரே ஒரு முறைதான் கேட்டாள். "அந்த டீ அவ்வளவு முக்கியமா?"

அதற்குப் பிறகு கேட்கவில்லை. சாப்பாடு வைப்பாள். சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தருவாள். அவன் உட்கார்ந்திருக்கும் அறையில் மட்டும் உட்கார மாட்டாள்.

கதவுக்கு வெளியே அடுத்த டோக்கன்காரர் வேண்டுமென்றே இருமினார்.

"அப்ப நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வாரம்," என்றார் டாக்டர். "எல்லாரும் சுத்தி நின்னு என் வாயையே பாத்துக்கிட்டிருந்தீங்க. ஏதாவது சொல்லியாகணுமேன்னு சொல்லிட்டேன். அதையெல்லாம் யாராலயும் சொல்ல முடியாதுங்க. இப்ப நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. மன்னிச்சிருங்க."

பாரம் இறங்கி அவன் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தார். தெளியவில்லை. அவன் ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தான்.

"பத்து நிமிஷத்த விடுங்க மேடம். முக்கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா?"

"முக்கால் மணி நேரமா?"

"சும்மாதான் கேக்கறேன்."

"பொழச்சிருக்கலாம். பொழைக்காமயும் போயிருக்கலாம். தெரியாது."

"பொழச்சிருக்க மாட்டார்னு சொல்லுங்க. அன்னைக்கு அடிச்சுச் சொன்னீங்கல்ல, அதே மாதிரி."

டாக்டர் சொல்லவில்லை. இந்த ஒரு வருஷத்தில் அவர் நல்ல டாக்டராகிவிட்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரம்மாவக் கூட்டிட்டு வாங்க," என்றார். "உங்க மேல தப்பில்லன்னு நானே எடுத்துச் சொல்றேன்."

அவன் எழுந்த வேகத்தில் ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஐயோ, வேணாம் மேடம். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க. அவ நெனைக்கறபடியே இருந்துட்டுப் போகட்டும்."

ஸ்டூலை நிமிர்த்திப் போட்டுவிட்டு வெளியே வந்தான். வேனில் ஏறிச் சாவியைப் போட்டான். திருகவில்லை.

அவன் மனைவி பள்ளி ஆசிரியை. மாமனாருக்கு நெஞ்சுவலி வந்த அன்று தேர்வு அறையில் கண்காணிப்பு வேலை. போனைச் சத்தமில்லாமல் வைத்துக் கைப்பையில் போட்டிருந்தாள். அவன் பள்ளி அலுவலகத்துக்குச் சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரியும். மருத்துவமனை வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியவள் பையை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

மச்சானைக் கூப்பிட வேண்டியிருந்தது. தன் போனில் சார்ஜ் இல்லாததால் அவள் போனைப் பையிலிருந்து எடுத்தான்.

திரையில் மூன்று மிஸ்டு கால். மூன்றும் 'அப்பா'விடமிருந்து. மாமனாரின் எதிர்வீட்டுக்காரர் அவனுக்குத் தகவல் சொல்வதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்னால்.

அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் டாக்டர் வெளியே வந்து பத்து நிமிஷம் என்றார். மனைவி அவன் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைக்காமலே, பையைக் கேட்டுக் கை நீட்டினாள்.

மூன்றையும் அழித்தான். பையைக் கொடுத்தான். அன்று அவன் எந்தக் கடையிலும் நிற்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன் என்பது அப்போது வாயில் வந்ததுதான்.

மாமனாரின் பழைய பட்டன் போன் அந்தக் களேபரத்தில் எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டதாக வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள்.

அது வேன் சீட்டுக்கு அடியில், எண்ணெய் துடைக்கும் துணியில் சுற்றிக் கிடக்கிறது. அதில் அவர் கடைசியாக அழைத்த மூன்று அழைப்புகளும் 'பாப்பா' என்ற பெயருக்கு.