உடும்புப் பிடி

"அந்தக் கம்பத்துல தலைகீழாத் தொங்கினாத்தான் உனக்குச் சோறு இறங்குமா?"

மாமியார் கேட்டார். மருமகள் தட்டிலேயே கண்ணாக இருந்தாள். பதில் சொன்னால் வம்பு.

கை முறிந்து, கட்டுப் பிரித்த புதிதில் அவளால் ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தூக்க முடியவில்லை. கைக்குப் பிடிமானம் வரட்டும் என்றுதான் தெருமுனை ஜிம்மில் 'போல் டான்ஸ்' என்கிற கம்ப நடன வகுப்பில் சேர்ந்தாள். தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு வழவழ கம்பம். அதில் ஏறணும், சுற்றணும், கடைசியில் தொடையால் கவ்விக்கொண்டு இரண்டு கையையும் விட்டுத் தலைகீழாகத் தொங்கணும். அந்தக் கடைசிப் பாடம்தான் நாளைக்கு.

"குரங்குகூட யோசிக்கும்! கழுத்து முறிஞ்சா யாரு பார்க்கிறது?"

"அம்மா, விடும்மா," என்றான் மகன், ஜாம் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டே.

"நீ சும்மா இருடா. நாளைக்கு இவ எப்படி ஏறுறான்னு நானும் பார்க்கிறேன்!"

அவன் கையிலிருந்த பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கி, ஒரே திருகில் திறந்து, டக்கென்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். கோபம் வந்தால் அந்தக் கைக்கு எங்கிருந்துதான் பலம் வருமோ! போன மாதம்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்கை வீங்கியிருந்தது. அன்றிலிருந்து முழுக்கைச் சட்டைதான்.

சொன்ன மாதிரியே மறுநாள் வகுப்புக்கு வந்து நின்றார்.

மருமகளுக்குப் பகீரென்றது. உள்ளே வரலாமா என்று ஒரு பேச்சுக்குக்கூட மாமியார் கேட்கவில்லை. காலை நடைக்குப் போடுகிற ஷூவைக் கழற்றி மூலையில் வைத்தார், சுவரோரமாக உட்கார்ந்தார், அவ்வளவுதான். சொல்லித்தருகிற மேடமும் ஒன்றும் சொல்லவில்லை. 'உடும்புப் பிடி வேணும், உடும்புப் பிடி' என்று ஓயாமல் கத்துவதால் உடும்பு மேடம் என்று பெயர். கொஞ்சம் தாமதமாக வந்தாலே கடித்துக் குதறுகிற அவள், இன்றைக்கென்று பசுவாக நின்றாள்.

"தோளைச் சுத்திச் சூடு பண்ணிக்கோ. அடுத்து நீதான்," என்றாள், முன்னால் ஏறிய பெண் கம்பத்திலிருந்து இறங்கியதும்.

மருமகள் கண்ணாடி முன்னால் நின்று தோளைச் சுழற்றினாள். அப்போதுதான் கண்ணாடியில் அதைப் பார்த்தாள்.

மாமியார் எழுந்தார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். வீட்டில் தலைக்கு வைக்கிற எண்ணெய் பாட்டில்! துணியில் சாய்த்தார். ஸ்டூலில் ஏறி, கம்பத்தின் மேல்பக்கத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். இரண்டு பக்கமும் ஒரு பார்வை. மறுபடி சுவரோரம் போய், ஒன்றுமே தெரியாதவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

மருமகள் தோளைச் சுழற்றுவதை நிறுத்தினாள். வகுப்புக்கு வருகிற நாளில் கை காலில் கிரீம்கூடப் பூசக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். ஒரு சொட்டு எண்ணெய் போதும், கம்பம் ஆளைத் தூக்கித் தரையில் அடித்துவிடும்.

ஒரு தடவை விழுந்தால் தானாக அடங்கிவிடுவாள் என்று நினைத்துவிட்டாரோ? பாவி மனசு!

சொன்னால் வீடு இரண்டாகிவிடும். சொல்லாவிட்டால் கழுத்து.

"மேடம், நாளைக்குப் பண்ணட்டுமா?"

"பயத்துக்கு இடம் கொடுத்தா அது பாய் போட்டுப் படுத்துக்கும். ஏறு."

அடியில் தொட்டுப் பார்த்தாள். வழுக்கவில்லை. மேலே? மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று வீம்பு வந்தது.

ஏறினாள். இதோ வழுக்கும், இதோ வழுக்கும் என்று ஒவ்வொரு பிடியிலும் உயிர் போய் உயிர் வந்தது. முறிந்த கைதான் முதலில் அந்த மேல்பக்கத்தைத் தொட்டது. பிசின் மாதிரி ஒட்டியது! நம்ப முடியவில்லை. தொடையால் கவ்வினாள், தலையைக் கீழே சாய்த்தாள்.

"கையை விடு!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு விட்டாள்.

ஒரு நூல்கூட வழுக்கவில்லை.

கண்ணைத் திறந்தால், நேர் கீழே மாமியார். இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, முகத்தில் ஈயாடாமல் நின்றிருந்தார். தொங்குகிறவளைவிட அவருக்குத்தான் அதிகம் நடுங்கியது.

இறங்கியதும் மருமகள் நேராகப் போய் அந்தப் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள். குப்பென்று மூக்கில் ஏறியது, ஸ்பிரிட் வாசம்.

"என்ன அத்தை இது?"

"உனக்கு முன்னாடி ஏறினாளே, அவ கால்ல கிரீம் பூசிட்டு வந்திருக்கா. மேலே கம்பம் மினுமினுன்னு இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கலை, துடைச்சேன்."

மருமகள் பாட்டிலை மெதுவாக மூடினாள். என்னென்ன நினைத்துவிட்டாள்!

"அத்தை... கிரீம் பட்டா வழுக்கும், ஸ்பிரிட் போட்டா பிடிக்கும்னெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

உடும்பு மேடம் அவசரமாகக் கூரையைப் பார்த்தாள். மாமியார் சட்டைக் கையை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உன் புருஷன்கிட்ட சொல்லிடாத. போன மாசம் நான் வழுக்கி விழுந்தது குளியலறையில இல்லடி!"